மெதுவான பிராட்பேண்டும் சுவரோரத்து ஜாயின்டும்

எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. லேண்ட்லைன் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் பிராட்பேண்டை நம்பித்தான் என் டிடிபி தொழிலே நடக்கிறது. கும்பகோணத்தில் உட்கார்ந்து பக்கம் வடிவமைத்து, சென்னை அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்ப வேண்டும். 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட்) வேகப் பிளானுக்குப் பணம் கட்டிக்கொண்டு, 2 எம்பிபிஎஸ் வருவதற்கே மாதக்கணக்கில் அல்லாடினேன். புகார் எண்ணுக்குப் போன் செய்தால் எப்போதும் ஒரே பதில்: "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்."

இப்போது முழு வேகமும் வருகிறது. மோடத்தையும் மாற்றவில்லை, பிளானையும் மாற்றவில்லை. கோளாறு கம்பியில்தான் இருந்தது. செம்புக் கம்பியிலேயே இன்னும் இருப்பவர்கள், புது மோடத்துக்குக் காசு போடும் முன் கம்பியைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் வைஃபையை விட்டுவிட்டு, லேன் ஒயரில் கணினியை மோடத்தோடு நேராக இணைத்து வேகம் பாருங்கள். ஒயரில் சரியாக வந்தால் பிரச்சினை வைஃபையில், லைனைத் தொட வேண்டாம். மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுகிறது என்றால் டேட்டா தீர்ந்திருக்கும். இரண்டும் இல்லையா, பிரவுசரில் மோடத்தின் முகவரியை அடித்து உள்ளே போங்கள். பல மோடங்களில் அது 192.168.1.1. டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் ரேட் (வீட்டுக்கு வரும் வேகம்), எஸ்என்ஆர் மார்ஜின், அட்டென்யுவேஷன் என்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றை அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டென்யுவேஷன் என்பது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் சிக்னல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற கணக்கு. 0.5 மில்லிமீட்டர் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் தேயும். எங்களுக்கு 31 இருந்தது. அதாவது 2 கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்துக்கு ஏடிஎஸ்எல்2+ இணைப்பு 10 எம்பிபிஎஸ்ஸுக்கு மேலேயே தர வேண்டும். மோடமோ 2300 கேபிபிஎஸ்ஸில், அதாவது 2.3 எம்பிபிஎஸ்ஸில் நின்றது. "தூரம் ஜாஸ்தி மேடம், அவ்வளவுதான் வரும்" என்றவரிடம் இந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் பேச்சின் தோரணையே மாறியது.

எஸ்என்ஆர் மார்ஜின் என்பது இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சம் இருக்கும் தெம்பு. வழக்கமாக 6 டெசிபலாவது இருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள். எங்கள் லைனில் அது 5-இல் ஊசலாடியது. ஐப்பசி மழை பிடித்த இரவுகளில் 2-க்கு இறங்கி, இணைப்பே அறுந்து போகும். தூரம் சரி, ஆனால் மார்ஜின் இல்லை என்றால் எங்கோ இரைச்சல் ஏறுகிறது, இல்லை சிக்னல் கசிகிறது.

எங்கே என்று தேட ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதே ஜோடிக் கம்பியில் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். பிராட்பேண்ட் அதற்கு மேலே, சுமார் 2200 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடும். அதனால்தான் போன் ஒவ்வொன்றும், குரலையும் நெட்டையும் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டருக்கோ ஃபில்டருக்கோ பின்னால் இருக்க வேண்டும். ஒரே ஒரு போன் ஃபில்டர் இல்லாமல் தொங்கினாலும் போதும், மணி அடிக்கும்போதெல்லாம் நெட் போகும்.

எங்கள் வீடு தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடு. திண்ணையில் நுழைந்தால் ரேழி, கூடம், இரண்டாம் கட்டு என்று கொல்லை வரை நீளும். மாமனார் இருந்த காலத்தில் கொல்லைப் பக்க அறையில் இன்னொரு போன் வைக்க அதே லைனிலிருந்து ஒரு பேரலல் கனெக்‌ஷன் இழுத்திருந்தார்கள். போனைக் கழற்றி வருஷக்கணக்காகிவிட்டது. ஒயர் மட்டும் உத்தரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. போனே இல்லாத ஒயர் என்ன செய்யும் என்று எல்லாரும் நினைப்போம். ஆனால் அப்படி முனை விட்டுப்போன கிளைதான் ஏடிஎஸ்எல்லுக்குப் பெரிய எதிரி. சிக்னல் அதற்குள்ளும் போய், முனையில் முட்டித் திரும்பி வந்து, வரும் சிக்னலையே சில அலைவரிசைகளில் அழித்துவிடும். 30 மீட்டர் கிளை என்றால் 1600 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அடி விழும். அது பிராட்பேண்ட் ஓடும் இடத்துக்கு உள்ளேயேதான்.

லைன் வீட்டுக்குள் நுழையும் ரேழிப் பெட்டியில் மற்ற எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் மாட்டினேன். 2300 இருந்த இடத்தில் 4600. அந்தக் கிளையை அன்றே முழுசாக எடுத்துவிட்டேன். ஸ்ப்ளிட்டரை ரேழியிலேயே வைத்து, மோடத்துக்குத் தனியாக ஒரு புது ஜோடிக் கம்பி இழுத்தாயிற்று.

அப்புறமும் பாதிதான். மீதி வெளியே என்று காது சொன்னது. ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நிற்கும். அந்த நிசப்தத்தில் கரகரவென்று கேட்டால் லைனில் கெட்ட ஜாயின்ட் இருக்கிறது. இதில் இன்னொரு பலனும் உண்டு. "நெட் ஸ்லோ" என்ற புகாரைப் போனிலேயே முடித்துவிடுவார்கள். "போனில் கரகரப்பு, பேச முடியவில்லை" என்று பதிந்தால் ஆள் வருவார். எனக்கு அப்படித்தான் வந்தார்.

லைன்மேன் வயதானவர். தெருக் கம்பத்திலிருந்து வரும் ஒயர் எங்கள் வாசல் சுவரில் சேரும் இடத்தைப் பார்த்ததுமே, "ஏம்மா, இங்கதான் இருக்கு" என்றார். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தார். உள்ளே இரண்டு கம்பியும் முறுக்கிய இடம் முழுக்கப் பச்சைக் களிம்பு. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. மழைத் தண்ணீர் டேப்புக்குள் இறங்கி வருஷக்கணக்காக அங்கேயே ஊறியிருக்கிறது. கெட்டுப்போன நீளத்தை வெட்டி எறிந்து, செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை போய், ஜெல்லி நிரப்பிய சின்ன கனெக்டருக்குள் இரண்டு கம்பியையும் செருகி பிளையரால் அழுத்தினார். "இதுக்குள்ள தண்ணி போகாதும்மா." "டேப் சுத்தவே கூடாதாண்ணே?" என்று கேட்டேன். "வெயில்ல பசை உருகிடும், அப்புறம் அதுவே தண்ணிய பிடிச்சு வச்சுக்கும்" என்றார்.

மோடம் 8192 கேபிபிஎஸ்ஸில், அதாவது முழு 8 எம்பிபிஎஸ்ஸில் இணைந்தது, மார்ஜின் 11. ஸ்பீட் டெஸ்டில் 7-ஐ ஒட்டித்தான் காட்டும். அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். ஏடிஎஸ்எல்லில் டேட்டா 53 பைட் பொட்டலங்களாகப் போகும், அதில் 5 பைட் முகவரிக்கே செலவு. இன்னும் சில்லறைக் கழிவுகளும் உண்டு.

இரவில் மட்டும் மார்ஜின் விழுகிறவர்கள் ஒரு பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில், ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து மோடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். ரேடியோ பிடிக்கும் அதே இரைச்சலைத்தான் டெலிபோன் கம்பியும் பிடிக்கிறது. மட்டமான எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பக்கத்தில் போனதும் கர்ரென்று கத்தும். அதை அணைத்துவிட்டு மார்ஜினைத் திரும்பப் பாருங்கள்.

அட்டென்யுவேஷனே 60-ஐத் தாண்டியிருந்தால் கதை வேறு. அது நிஜமாகவே தூரம், எந்த ஜாயின்டை மாற்றினாலும் பெரிதாக ஏறாது. அங்கே எக்ஸ்சேஞ்சில் சொல்லி, லைன் அறுபடாமல் நிற்கும் அளவுக்கு வேகத்தைக் குறைத்துப் பூட்டச் சொல்வதுதான் வழி.