சித்தப்பாவின் மீன்பாடி வண்டிக்கு மோட்டார்

ஜூன் 1, 2025

நேற்று பேருந்தில் போகும்போது பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் சித்தப்பாவைப் பார்த்தேன். அவருடையது மீன்பாடி வண்டி, முன்னால் சரக்குப் பலகை வைத்த மூன்று சக்கர மிதிவண்டி. அதில் ஐந்து பருப்பு மூட்டை, ஒவ்வொன்றும் 50 கிலோ. ஏற்றத்தின் பாதியில் இறங்கி, சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு முழங்காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். வயது 58. கொத்தவால்சாவடியிலிருந்து வியாசர்பாடிக்கு இருபது வருடமாக மிதிக்கிறார்.

இரவு வீட்டுக்குப் போய் மோட்டார் போடலாம் என்றேன். "அந்த ஸ்கூட்டர் எஞ்சின் சமாச்சாரம் வேணாம்டா, போலீஸ் புடிச்சா வண்டியே போயிடும்" என்றார். அவர் பயம் சரிதான். பழைய எஞ்சினை மாட்டி ஓட்டுவது சட்டப்படி தப்பு. பேட்டரி வண்டிக்கு வேறு கணக்கு. மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல், ஒழுங்கான பிரேக், இரவில் மின்னும் பட்டைகள். இதெல்லாம் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அந்த வரம்புக்குள்ளேயே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 8

முதலில் பிரேக். இத்தனை நாளும் இவர் பின்சக்கரத்து ரப்பர் கட்டையையும் செருப்புக் காலையும் நம்பியே 250 கிலோவை இறக்கத்தில் இறக்கியிருக்கிறார். கேட்கவே வயிற்றைக் கலக்கியது. இரண்டு பக்கமும் மரை உள்ள ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) வாங்கிப் பின்சக்கரத்தைப் புதிதாகக் கோத்தோம். இடது பக்கம் பட்டை இறுக்கி நிறுத்தும் பேண்ட் பிரேக், வலது பக்கம் இரட்டை ஃப்ரீவீல், அதாவது ஒரு திசையில் மட்டும் சக்கரத்தை இழுத்து மறுதிசையில் சும்மா சுழலும் இரண்டு பல்சக்கரம். ஒன்றில் மிதி செயின், மற்றதில் மோட்டார் செயின். மோட்டார் ஓடும்போது பெடல் சும்மா இருக்கும். பேட்டரி தீர்ந்தால் மோட்டாரைச் சேர்த்து இழுக்காமல் மிதிக்கலாம். இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். நடுரோட்டில் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எடை குறையட்டும் என்று பலகைக்கு அடியிலிருந்த துருப்பிடித்த இரும்புத் தகட்டையும் கழற்றியாயிற்று.

ஜூன் 15

24 வோல்ட் கியர் மோட்டார், அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், 12 வோல்ட் 26 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு. பேட்டரிகளைத் தொடராக இணைத்து, பிளஸ் முனையை ஒட்டியே 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். பிரேக் லீவரைத் தொட்டாலே மோட்டார் நிற்கும்படி கட்-ஆஃப் சுவிட்ச். வெறும் வண்டி சந்தில் பறந்தது. தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

மூட்டை ஏற்றியதும் கதை மாறிவிட்டது. சமதளத்தில் நன்றாக ஓடியது. பாலம் ஏறத் தொடங்கியதும் வேகம் குறைந்துகொண்டே வந்து, முனகி, நின்றேவிட்டது. மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கித் தள்ளத் தொடங்கினார். நானும் தள்ளினேன்.

ஜூன் 16

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று. அதன் செயின் மாட்டும் பல்சக்கரத்தில் 9 பல். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் 18 பல். அப்படியென்றால் சக்கரம் நிமிடத்துக்கு 150 சுற்று, மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இவருக்கு எதற்கு 20? மிதிக்கும்போது எட்டு போவதே பெரிது. சக்கரத்தில் 36 பல் போட்டால் வேகம் பாதியாகும், இழுவை இரண்டு மடங்காகும். மோட்டாரும் தனக்கு உரிய வேகத்தில் சுற்றும். மெதுவாகத் திணறும்போதுதான் அது கரண்டை அள்ளிக் குடித்துச் சூடாகிறது. பெரிய மோட்டார் வாங்கு என்று கடையில் சொன்னார்கள். பல்லை மாற்றினால் போதும் என்று எனக்குப் படுகிறது.

ஜூன் 19

36 பல் தட்டு ஃப்ரீவீலோடு கிடைக்கவில்லை. தனித் தட்டை ஃப்ரீவீலோடு பற்றவைக்கச் சொல்லி லேத் பட்டறைக்காரரிடம் இரண்டையும் கொடுத்தேன். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்துவிடும் என்று சொல்லி, ஈரத் துணியைச் சுற்றி, ஒரு பொட்டு பற்றவைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு பொட்டு. இப்படியே எட்டு இடம். ஒவ்வொரு பொட்டுக்கும் தட்டைச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி, ஆடுகிறதா என்று பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அந்தக் கைக்கு எத்தனை கொடுத்தாலும் தகும். அவர் வாங்கியது வெல்டிங் கூலி மட்டும்.

ஜூன் 22

அதே ஐந்து மூட்டை, அதே பாலம். நான் பக்கத்திலேயே நடந்து வந்தேன். சமதளத்தில் மீட்டர் 8 ஆம்பியர் காட்டியது, ஏற்றத்தில் 19. சித்தப்பாவும் லேசாக மிதித்துக் கொடுத்தார். நான் பக்கத்தில் நடக்கும் வேகம்தான், ஆனால் நிற்கவில்லை. உச்சிக்குப் போனதும் ஓரம் கட்டி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தோம். சூடு இருந்தது, கை தாங்கியது.

வரும் வழியில் காயலான் கடைத் தராசில் பேட்டரியை இறக்கிவிட்டு வண்டியை ஏற்றினோம். 58 கிலோ. அப்பாடா.

ஜூன் 24

பேட்டரி விஷயத்தை அவருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துப்போகும். ஓடும்போது மீட்டர் இறக்கித்தான் காட்டும், அதை நம்பக் கூடாது. நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டுப் பார்க்க வேண்டும். 24.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு மோட்டார் கிடையாது, மிதிதான். ராத்திரி சார்ஜ் போடாமல் தூங்கக் கூடாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாக்பீஸை எடுத்துக் கதவுக்குப் பின்னால் "24.4" என்று பெரிதாக எழுதிவைத்தார்.

ஜூன் 29

முந்தாநாள் மழையில் கன்ட்ரோலர் நனைந்து வண்டி விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. என் தப்பு. பலகைக்கு அடியில் சக்கரம் சேறு அடிக்கும் இடத்திலேயே வைத்திருந்தேன். இன்று சீட்டுக்குக் கீழே மாற்றி, ஒயர்கள் கீழ்ப்பக்கமாக வெளிவரும்படி டப்பாவைக் கவிழ்த்துப் பொருத்தினேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது சித்தப்பா கதவைத் திறந்து காட்டினார். 24.4-க்குக் கீழே தினமும் ஓர் எண் எழுதியிருக்கிறார்: 24.8, 24.9, 24.6, 24.9. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் "ஆறு மூட்டை" என்று இருந்தது. ஐந்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.