ஆர்டர் புத்தகத்தை மூடிய பிறகு

சமையலறைக் கத்திகளைத் தனியாளாகச் செய்து விற்பவன் நான். வருகிற ஆர்டரையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கும் வழக்கத்தை நிறுத்தியபோது, தொழிலையே விடப்போகிறேனோ என்று பழைய வாடிக்கையாளர்கள் சிலர் விசாரித்தார்கள். உண்மையில், கத்தி செய்யும் முறை அப்படியே இருக்க, விற்கும் முறைதான் மாறியது. அது எப்படி மாறியது என்பது, இதே வேலையில் இருப்பவர்களுக்கும் கைவேலைக் கத்திக்காகக் காத்திருப்பவர்களுக்கும் பயன்படக்கூடும்.

நீண்ட காத்திருப்புப் பட்டியல் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் செழிப்பாகத் தெரியும். பட்டறைக்குள் இருப்பவனுக்கு அது கடன் பட்டியல். ஒருவர் இன்று கேட்ட கத்தியை ஓராண்டு கழித்துச் செய்யத் தொடங்கும்போது, எஃகின் விலை ஏறியிருக்கும், அவர் அதற்குள் வேறு கத்தி வாங்கியிருப்பார், அன்று நான் வரைந்து கொடுத்த வடிவம் இன்று எனக்கே பிடிக்காமல் போயிருக்கும். முன்பணம் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அந்தப் பணம் எப்போதோ மணல்தாளாகவும் எரிவாயுவாகவும் கரைந்துவிட, கைக்குக் காசு வராத வேலையாகத்தான் அந்தக் கத்தி மேசைமீது கிடக்கும். அப்படிப்பட்ட வேலையைக் கை தானாகவே தள்ளிப் போடுகிறது.

பட்டியலை எப்படிச் சுருக்குவது என்று யோசிக்கத் தொடங்கியபோது, வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு மாற்றமும் எந்தக் கட்டத்தில் எவ்வளவு வேலையைக் கூட்டுகிறது என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கேட்பவருக்குச் சிறிதாகத் தோன்றும் மாற்றம் எனக்குப் பெரிதாகவும், அவர் தயங்கித் தயங்கிக் கேட்கும் மாற்றம் எனக்கு ஒன்றுமில்லாததாகவும் இருந்தன. கைப்பிடிக்கு வேறு மரம் வேண்டும் என்று பலர் மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதுவார்கள். அலமாரியிலிருந்து வேறொரு மரத்துண்டை எடுப்பதோடு அது முடிந்துவிடும். ஆனால் எஃகை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்ற ஒற்றை வரி ஒரு நாள் வேலையையே புரட்டிப் போடும்.

காரணம் உலைதான். 52100 என்ற கார்பன் எஃகைத் தோய்ச்சல் போட, அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்க, சுமார் 840 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி எண்ணெயில் இறக்க வேண்டும். துருப்பிடிக்காத வகையான ஏஇபி-எல் எஃகுக்குச் சுமார் 1,070 டிகிரி தேவை; காற்றுப் படாமல் உலோகத்தாளில் பொதிந்து சூடாக்கி, வெளியே எடுத்ததும் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அழுத்திக் குளிர்விக்க வேண்டும். இரண்டையும் ஒரே உலையேற்றத்தில் செய்ய வழியில்லை. அதன் பிறகு, 52100 எஃகில் செய்த அலகுகள், அதாவது கத்தியின் வெட்டும் தகடுகள், கண்ணாடிபோல் நொறுங்காமல் இருக்க, 200 டிகிரிக்குச் சற்றுக் குறைவான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் அதே அளவு நேரம் வைத்துப் பதமாக்குகிறேன். உலைக்குள் ஓர் அலகு இருந்தாலும் எட்டு அலகுகள் இருந்தாலும் இந்த நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே தோய்ச்சலையே எல்லைக்கோடாக வைத்துக்கொண்டேன். அதற்கு முன் முடிவாக வேண்டிய எஃகு வகை, கடினம், நீளம், பக்கவாட்டு வடிவம் ஆகியவற்றை ஒவ்வொரு தொகுதிக்கும், அதாவது ஒரே உலையேற்றத்தில் சேர்ந்து செய்யும் கத்திகளுக்கு, நானே தீர்மானிக்கிறேன். அதற்குப் பின் மாற்றக்கூடியவை வாடிக்கையாளருடையவை: கைப்பிடியின் மரம், தடிமன், இடக்கைக்காரருக்கு ஏற்ற கைப்பிடி வடிவம், அலகின் மெருகு, வெட்டும் விளிம்பை எவ்வளவு மெல்லியதாக இறக்குவது என்பது வரை. கெட்டியான அலகை மெலிதாக்க முடியும்; 21 சென்டிமீட்டர் அலகை 24 ஆக்க எந்தக் கொல்லனாலும் முடியாது. இதை விளக்கியதும் பெரும்பாலானவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அளவான எண்ணிக்கையில் விற்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. எண்ணெயில் இறங்கும் அலகுகளில் சில வளையும், எப்போதாவது ஒன்று 'டிங்' என்ற ஓசையோடு விரிசல் விடும். ஒருவருக்காக ஒரே ஓர் அலகு செய்திருந்தால், அந்த ஓசையோடு அவருக்குச் சொன்ன தேதியும் போய்விடும். இப்போது கொடுக்க வேண்டியதைவிடச் சில அலகுகளை அதிகமாகவே உலையில் ஏற்றுகிறேன். தோய்ச்சலும் பதமாக்கலும் தாண்டி நேராக நிற்கும் அலகுகளை எண்ணிய பிறகுதான் யாருக்கு எது என்று பெயர் எழுதுகிறேன். பணமும் அப்போதுதான் வாங்குகிறேன். மிஞ்சியவற்றுக்கு என் விருப்பப்படி கைப்பிடி போட்டுத் தயார்க் கத்தியாக விற்கிறேன்.

ஒரு தொகுதியில் இருக்கும் சில இடங்களை யாருக்குக் கொடுப்பது என்பதில் நெடுநாள் குழம்பினேன். முந்துபவருக்கே என்று வைத்தால் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பவருக்கே கிடைக்கும். அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்கும் சமையல்காரருக்குக் கிடைக்காது. அமெரிக்கக் கத்திக் கலைஞர் பாப் கிராமர் குலுக்கல், ஏலம் ஆகிய இரு வழிகளையும் கையாண்டவர். ஏலம் எனக்கு ஒத்துவரவில்லை. என் கத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் போவதைவிட வெட்டுப்பலகைமேல் தேய்வதையே நான் விரும்புகிறேன். ஆகவே சில நாள் அவகாசம் கொடுத்துப் பெயர்களை வாங்கிக் குலுக்கிப் போடுகிறேன். கிடைக்காதவர்களுக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்படும் எரிச்சல் இல்லை.

எதிர்பார்ப்புகளைக் கையாள்வதுதான் இதில் மிக நுட்பமான பகுதி. என்ன கத்தி வேண்டும் என்று இப்போது நான் தொடங்குவதில்லை. எதை வெட்டுவீர்கள், எந்தப் பலகையில் வெட்டுவீர்கள், மழுங்கினால் யார் சாணை பிடிப்பார்கள் என்றே கேட்கிறேன். காய்கறிக்குள் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும் மெல்லிய கத்தி வேண்டும், அதே கத்தி கோழி எலும்பையும் பிளக்க வேண்டும் என்று ஒருவர் எழுதினார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைதான்; ஆனால் ஒரே கத்திக்குச் செலவிடுபவர் அப்படிக் கேட்பதில் தவறில்லை.

முடியாது என்று எழுதி முடித்துவிடாமல், அவருக்கு ஒரு சிறு காணொளி எடுத்து அனுப்பினேன். கூருக்குச் சற்று மேலே 0.2 மில்லிமீட்டர் மட்டுமே தடிமன் உள்ள அலகைப் பித்தளைக் கம்பிமேல் சாய்த்து அழுத்தும்போது, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் விளிம்பு மெல்லிய அலையாக வளைவதும், கம்பி நகர்ந்ததும் அந்த அலை அழிந்து விளிம்பு நேராவதும் தெரியும். பதம் சரியாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் எலும்பில் பட்டு முறுக்கினால் அந்த அளவு மெல்லிய விளிம்பு மீளாது. பிறைபோல் ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிடும். 0.5 மில்லிமீட்டர் விட்டால் தாங்கும், ஆனால் கிழங்குக்குள் ஆப்பு இறங்குவதுபோல் இறங்கும். இரண்டையும் பார்த்த அவர் மெல்லியதையே கேட்டார். எலும்புக்குத் தன்னிடம் இருக்கும் பழைய கத்தியே போதும் என்றார்.

கார்பன் எஃகின் நிறமாற்றமும் இப்படித்தான். நீலமும் சாம்பலுமாகப் படியும் படலம் இயல்பானது. செந்துரு கவனக்குறைவால் வருவது. வார்த்தையில் எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. அதனால் நான் தினமும் பயன்படுத்தும், கறை படிந்த கத்தியின் படத்தையே இப்போது பணம் வாங்குவதற்கு முன் அனுப்புகிறேன். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களைத் துருப்பிடிக்காத எஃகுத் தொகுதிக்குக் காத்திருக்கச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் நீங்களே தீர்மானித்துவிட்டால் இது எப்படி எனக்கான கத்தி ஆகும் என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும், எஃகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரைபடத்திலிருந்து சேர்ந்தே முடிவு செய்யும் ஓரிரு இடங்களை இன்னும் வைத்திருக்கிறேன். விலை அதிகம், தேதி சொல்வதில்லை. அதற்குப் பெயர் கொடுப்பவர்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு.

விற்ற கத்திகளைச் சாணை பிடித்துக் கொடுப்பதை மட்டும் நான் குறைக்கவில்லை. திரும்பி வரும் கத்திகளில் நுனியிலிருந்து சற்று உள்தள்ளிய பகுதியே மற்ற இடங்களைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது. கைப்பிடியை ஒட்டிய பகுதி ஏறக்குறைய புதிதாகவே இருக்கிறது. அடுத்த தொகுதிக்கான அட்டை மாதிரியில் அந்த வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கி வரைந்து, எஃகுத் தகட்டின்மேல் வைத்துக் கோடு கீறியிருக்கிறேன்.