உப்பு போச்சு, புழு வந்துச்சு

மேற்கு ஆப்பிரிக்காவுல செனகல் நதி கடல்ல கலக்குற இடத்துக்கு கொஞ்சம் மேல டயாமான்னு ஒரு அணை இருக்கு, 1986ல கட்டி முடிச்சாங்க. அதுக்கு முன்னாடி மழை இல்லாத மாசங்கள்ல கடல் தண்ணி ஆத்துக்குள்ள நூறு கிலோமீட்டருக்கு மேல ஏறிடும், விவசாயத்துக்கு பெரிய தலைவலி. அணை வந்ததும் உப்பு நின்னுச்சு, கரும்புக்கும் நெல்லுக்கும் வருஷம் பூரா நல்ல தண்ணி. ஆனா 1988லயே ரிச்சர்ட் டோல்ங்கற கரும்பு ஊர்ல குடல் பில்ஹார்சியாங்கற புழு நோய் கிளம்பிருச்சு, அதுக்கு முன்ன அங்க இல்லாதது, கொஞ்ச வருஷத்துல பாதி ஊருக்கு மேல புடிச்சிருச்சு.

இந்த நோய்க்கு காரணம் ஒரு தட்டைப்புழு, சிஸ்டோசோமா. நோய் இருக்குறவங்க மலத்தோட வெளிய வர்ற அதோட முட்டை உப்புல பொரியாது, லேப்லயே 0.85 சதவீத உப்புத்தண்ணில கழுவுனா அப்படியே கெடக்கும், அதையே நல்ல தண்ணில போட்டு வெளிச்சத்துல வச்சா தண்ணி உள்ள எறங்கி முட்டை ஒடஞ்சு மிராசிடியம்ங்கற குட்டி லார்வா நீந்த ஆரம்பிச்சிரும். அதுக்கு சாப்பாடே கிடையாது, உடம்புல சேத்து வச்சிருக்குற கிளைக்கோஜன்ங்கற சக்தி தீர்றதுக்குள்ள, அதாவது சில மணி நேரத்துல, அதிகம் போனா ஒரு நாள்ல, சரியான நத்தையை கண்டுபிடிக்கணும். தண்ணி சூடா இருந்தா வேகமா நீந்தி சீக்கிரம் செத்துரும், குளிரா இருந்தா கூட கொஞ்ச நேரம் இருக்கும் ஆனா நத்தைக்குள்ள நுழைய தெம்பு இருக்காது. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இளஞ்சூடுதான் அதுக்கு வசதி, ரிச்சர்ட் டோல் வாய்க்கால்ல அதுக்கு பஞ்சமில்ல, தண்ணி மெதுவா ஓடுது, பாசியும் செடியும் மண்டிக் கெடக்கு, நத்தை பெருகுறதுக்கு வேற என்ன வேணும்.

நத்தைக்குள்ள ஒரு மாசம் போல இருந்துட்டு அந்த ஒரு லார்வா ஆயிரக்கணக்குல செர்கேரியாங்கற அடுத்த கட்ட லார்வாவா வெளிய வரும், அதுவும் நல்ல வெயில் நேரத்துல, சரியா ஜனங்க குளிக்க துவைக்க எறங்குற நேரம். நேரா தோல் வழியா உள்ள போயிரும். இதுவும் எதுவும் திங்காது, ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆயுசு. அதனாலதான் நத்தை இல்லாத தொட்டில ரெண்டு நாள் பிடிச்சு வச்ச தண்ணில குளிச்சா பயமில்லைன்னு சொல்றாங்க, குளோரின் போட்டாலும் செத்துரும். ஆனா துணி மூட்டையோட வாய்க்காலுக்கு போற பொம்பளைங்ககிட்ட போய் தொட்டில ரெண்டு நாள் வச்சு துவைங்கன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா.

பிராசிகுவாண்டல் மாத்திரை உடம்புல இருக்குற புழுவை கொல்லும், மறுநாளே திரும்ப தண்ணில எறங்குனா திரும்ப தொத்தும்.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது இறால் சமாச்சாரம். அந்த ஆத்துல முன்ன நத்தை திங்கிற பெரிய இறால் இருந்துச்சு, ஆனா அதோட குஞ்சு வளர கொஞ்சம் உப்புக்கலந்த முகத்துவாரத்துக்கு போகணும், அணை அந்த வழியையும் அடைச்சிருச்சு. லாம்ப்சார்ங்கற கிராமத்துல ஜனங்க எறங்குற இடத்துல இறாலை கொண்டுவந்து விட்டு பாத்தாங்க, தொத்து புடிச்ச நத்தையும் கொறஞ்சுது, மருந்து சாப்பிட்டவங்களுக்கு திரும்ப வர்றதும் கொறஞ்சுது. ஆனா அணைக்கு மேல அதுவா இனப்பெருக்கம் பண்ண முடியாததால அப்பப்ப புதுசா கொண்டுவந்து விட்டுக்கிட்டே இருக்கணும், அந்த செலவை யாரு பாக்குறதுங்கறதுதான் பிரச்சனை.