பிளேட் வாங்குறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுங்க

பாறை, கல்லு மேல ஓட்டும்போது வண்டியோட அடிப்பாகம் அடி படாம இருக்க அடியில மாட்டுற தகடு தான் ஸ்கிட் பிளேட். அதுல எது நல்லா இருக்கும்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணு தான், சமதரையில வண்டிய நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்கு கட்டை வெச்சுட்டு, ஒரு டார்ச் எடுத்துக்கிட்டு அடியில படுங்க. ஜாக்கி மேல தூக்கி வெச்சுட்டு மட்டும் உள்ள போகாதீங்க, அது வேற கதையாயிடும்.

அங்க கீறல் இருக்கும். புதுசா விழுந்தது பளபளன்னு இருக்கும், பழசு துருப்பிடிச்சு பழுப்பாயிருக்கும். எந்தப் பக்கம் ஆழமா ஆரம்பிச்சு எந்தப் பக்கம் தேஞ்சு மறையுதுன்னு பாத்தா, முன்னாடி போகும்போது பட்டதா ரிவர்ஸ்ல பட்டதான்னு கூட ஓரளவு தெரிஞ்சுடும். பெரும்பாலான வண்டில முன் பம்பருக்கு கீழ இருக்கறத விட, ஷாக் அப்சார்பரோட கீழ் மவுண்ட், பின் ஆக்ஸில சேசிஸோட சேர்க்கற டிரெயிலிங் ஆர்மோட பிராக்கெட், டிஃப்போட (டிஃபரன்ஷியல், அதாவது ஆக்ஸில்ல உருண்டையா தெரியுற கியர் பெட்டி) வயிறு, கியர்பாக்ஸ தாங்குற குறுக்கு மெம்பர், இங்க தான் கீறல் ஜாஸ்தி இருக்கும். ஆனா நம்மாளுங்க வாங்குறது என்னமோ முன்னாடி தெரியுற அந்த ஒரு பிளேட்ட, அதுவும் சிவப்பு பெயிண்ட் அடிச்சு, போட்டோல நல்லா விழணும்னு.

அதுக்காக கீறல் இருக்கற இடத்துக்கெல்லாம் தகடு அடிக்கணும்னு சொல்லல. தடிமனான பிராக்கெட்ல ஆழமா கீறல் இருந்தா கூட கண்டுக்க வேணாம், அது தாங்கிக்கும். இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டி, அதான் ஆயில் சம்ப், அதுல சின்னதா ஒரு குழி தெரிஞ்சா தான் யோசிக்கணும். பிரஸ் பண்ண ஸ்டீல் சம்ப்னா அடி பட்டதும் உள்பக்கமா குழியும், வெளிய ஒரு சொட்டு ஆயில் ஒழுகாது, நாமளும் ஒண்ணும் ஆகலன்னு ஓட்டிட்டுப் போவோம், ஆனா உள்ள ஆயில உறிஞ்சுற பிக்கப் ஸ்ட்ரெய்னர் சம்ப்போட அடிக்கு ரொம்ப கிட்ட தான் இருக்கும், குழி அத முட்டிச்சுன்னா ஆயில் சரியா ஏறாது, பிரஷர் குறையும், பேரிங் போகும். வார்ப்பு அலுமினிய சம்ப்னா குழியாது, நேரா விரிசல் தான்.

எத மொதல்ல காப்பாத்தணும்னு எனக்கு ஒரே கணக்கு தான். எது உடைஞ்சா வண்டி அங்கயே நின்னுடுமோ அது மொதல்ல. சம்ப், ரேடியேட்டரோட அடி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்திய பிரிச்சுக் கொடுக்குற டிரான்ஸ்பர் கேஸ், டேங்க், ஸ்டியரிங் ராட். சைலன்சர் நசுங்கினா சத்தம் போட்டுக்கிட்டே வீடு வந்து சேரலாம். ஆக்ஸில் மேல ஓடுற பிரேக் பைப்ப நிறைய பேர் மறந்துடுறாங்க, அதுக்கு தகடே வேணாம், ஆக்ஸிலோட மேல்பக்கமா மாத்தி நல்லா கிளிப் போட்டா போதும்.

வண்டிய உயர்த்துற லிஃப்ட் கிட் போட்டுட்டேன் இனிமே அடி படாதுன்னு சொல்றவங்களுக்கு: சாலிட் ஆக்ஸில் (ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒரே கட்டையான ஆக்ஸில் சேர்க்கறது) வண்டில லிஃப்ட் போட்டா பாடியும் சேசிஸும் தான் மேல ஏறும், டிஃப் இருந்த இடத்துலயே தான் இருக்கும். அது உயரணும்னா பெரிய டயர் தான் வழி, அதுலயும் விட்டம் 2 இன்ச் கூடினா உயரம் 1 இன்ச் தான் கிடைக்கும்.

ஸ்டீலா அலுமினியமான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும். 4 மி.மீ. ஸ்டீல் ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 31 கிலோ, 6 மி.மீ. அலுமினியம் 16 கிலோ சொச்சம். மணல், சேறு, நீண்ட தூரம்னா எடை குறைஞ்ச அலுமினியம் சரி. பாறை தான் உங்க இடம்னா நான் ஸ்டீல் பக்கம், ஏன்னா அலுமினியம் மெத்துன்னு இருக்கறதால பாறை முனை அதுல குத்தி புடிச்சுக்கும், ஸ்டீல் வழுக்கிட்டு போயிடும். அலுமினியத்த ஸ்டீல் சேசிஸ்ல மாட்டினா நடுவுல நைலான் வாஷர் மாதிரி ஏதாவது போடுங்க, ரெண்டு உலோகமும் ஈரத்துல ஒட்டிக்கிட்டே இருந்தா அலுமினியம் அரிக்க ஆரம்பிச்சுடும்.

தகடு எதுவா இருந்தாலும் மாட்டுற விதத்துல தான் பாதி விஷயம் இருக்கு. போல்ட் தலை வெளிய துருத்திட்டு இருந்தா முதல் பாறையே அத வழிச்சுடும், அப்புறம் கழட்டவே முடியாது, தகட்டுக்குள்ள புதைஞ்சு இருக்கற மாதிரி இருக்கணும். ரெண்டு மூணு பிளேட் வரிசையா வந்தா முன் பிளேட்டோட பின் ஓரம் அடுத்த பிளேட்டுக்கு கீழ வரணும், கூரை ஓடு அடுக்குற மாதிரி, இல்லன்னா அந்த விளிம்பு கல்ல கொக்கி போட்டு இழுக்கும். ரிவர்ஸ்ல இதே அடுக்கு எதிரா வேலை செய்யும், அதனால பாறை மேல பின்னாடி எடுக்கும்போது ரொம்ப மெதுவா. தகடு வளைஞ்சாலும் சம்ப்ப தொடாத அளவுக்கு இடைவெளியும் வேணும். முழுசா மூடிடாம ஓட்டை விட்டிருக்கணும், சேறும் காஞ்ச புல்லும் உள்ள சேர்ந்தா ஒண்ணு துரு, இல்ல எக்ஸாஸ்ட் சூட்டுல புல் பத்திக்கும்.

பக்கவாட்டுல ஃபுட்ஸ்டெப்பையும் ராக் ஸ்லைடரையும் குழப்பிக்காதீங்க. ஸ்லைடர் சேசிஸோட சேரும், வண்டியோட மொத்த எடையும் அது மேல உக்காந்தாலும் தாங்கணும். சாதாரண ஃபுட்ஸ்டெப் கல்லுல பட்டா மேல மடங்கி கதவுக்கு கீழ இருக்கற பாடிய நசுக்கிடும், கதவு தொறக்காது.

தகடு காப்பாத்தாத ஒண்ணு இருக்கு, டிஃப் பிரீதர், அதாவது டிஃப்புக்குள்ள காத்து போய் வர்ற சின்ன வழி. சூடான டிஃப் குளிர்ந்த தண்ணில இறங்குனதும் உள்ள காத்து சுருங்கும், பிரீதர் அடைச்சிருந்தா ஆயில் சீல் வழியா தண்ணிய உறிஞ்சும், ஆயில் வெளுத்துப் போய் வரும். ஒரு ரப்பர் குழாய நீட்டி போனட் உயரத்துக்கு கொண்டு போயிட்டா முடிஞ்சுது.

ஓட்டும்போது கல்ல ரெண்டு டயருக்கும் நடுவுல விட்டு தாண்டலாம்னு பாக்காதீங்க, டயர கல்லு மேலயே ஏத்துங்க. நிறைய வண்டில முன் டிஃப் நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும், உங்க வண்டில அது எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டா நடுவுல விட்டே ஆகணும்ங்கற இடத்துல கல்ல மறுபக்கமா தள்ளி விடலாம்.

பிளேட் மாட்டி முதல் தடவ பாறையில ஓட்டிட்டு வந்ததும் எல்லா போல்ட்டையும் ஸ்பானர் போட்டு ஒரு சுத்து டைட் பாருங்க, கண்டிப்பா ரெண்டு மூணு லூஸா இருக்கும். மாட்டும்போதே மரைல கொஞ்சம் கிரீஸ் தடவிடுங்க, ஆயில் மாத்த அந்த பிளேட்ட கழட்டப் போற மெக்கானிக் உங்கள திட்டாம இருப்பாரு.