அம்மாவின் கல்லீரல் கட்டியைக் கண்டுபிடித்த ஆட்டு டாக்டர்

நாயும் ஆடும் இருக்கிற வீட்டில் யாருக்காவது ஸ்கேனில் 'கல்லீரலில் நீர்க்கட்டி' என்று வந்தால், டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டும்போதே "எங்க வீட்டுல நாய் இருக்கு, ஆடும் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, சாப்பிட்டால் அடைக்கிறது என்று ரொம்ப நாளாகத் தொந்தரவு. எல்லோரும் போல கேஸ் மாத்திரையிலேயே காலம் ஓடியது. கடைசியில் டவுனில் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலின் வலது பக்கத்தில் 9 செ.மீ. அளவில் கட்டி, உள்ளே தண்ணீர். பார்த்த டாக்டர் ரொம்ப சாதாரணமாக, "வெறும் தண்ணிதாம்மா. ஊசி விட்டு உறிஞ்சிட்டா சாயந்திரமே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

நடுவில் ஆட்டுக்கொல்லி தடுப்பூசி போடுகிறார்கள் என்று கால்நடை மருந்தகத்துக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மா வரவில்லையா என்று டாக்டர் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "யாரும் குத்தலையே?" என்றுதான் முதலில் கேட்டார். இது நாய் நாடாப்புழுவால் வருகிற ஹைடேடிட் கட்டியாக இருக்கலாம், அது இல்லை என்று உறுதியாகும்வரை யாரையும் ஊசி வைக்க விடாதீர்கள் என்றார். முன்னேற்பாடு இல்லாமல் குத்தினால் உள்ளே இருக்கும் திரவம் வயிற்றுக்குள் கசியும். ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தப்பினாலும், சிந்திய இடத்திலெல்லாம் சில வருஷத்தில் புதுக் கட்டிகள் முளைக்கலாம். ஊசிவழி சிகிச்சையே தப்பு என்று சொல்லவில்லை. சில வகைக் கட்டிகளுக்கு, முன்பே மாத்திரை கொடுத்து, பித்தக்குழாயோடு தொடர்பு இல்லை என்று பார்த்து, உறிஞ்சியபின் புழுவைக் கொல்லும் மருந்தைச் செலுத்தித் திரும்ப எடுக்கிற முறை உண்டாம். சாயந்திரம் வீட்டுக்குப் போகிற கதை அது இல்லை.

அந்தப் புழு நாயின் குடலில் இருக்கும். ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதன் முட்டை நாயின் மலத்தில் வந்து புல்லிலும் தண்ணீரிலும் கலக்கும். நாய் பின்பக்கத்தை நக்கிவிட்டு உடம்பை நக்கும்போது முடியிலும் ஒட்டிக்கொள்ளும். மேயும் ஆடு விழுங்கினால் அதன் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரும். அந்த ஈரலைப் பச்சையாகத் தின்கிற நாய்க்குத் திரும்பப் புழு. மனிதன் இடையில் மாட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான். கறி தின்பதால் இது வருவதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சொந்தக்காரர்கள் எல்லோரும் அம்மாவிடம் கறியை நிறுத்து, கறியை நிறுத்து என்று உயிரை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் பெரியாஸ்பத்திரி. சர்ஜரி ஓ.பி.யில் குடல்-கல்லீரல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள், அங்கே போனால் சி.டி. இல்லாமல் ஏன் வந்தீர்கள் என்றார்கள். சி.டி.க்குத் தேதி தள்ளிக் கிடைத்தது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே. அது சுத்தமாக இருந்தது.

ரத்தப் பரிசோதனைதான் குழப்பிவிட்டது. வெளியே லேபில் கொடுத்த எலிசா டெஸ்ட் நெகட்டிவ். பயிற்சி டாக்டர் ஒருவர் "அப்ப ஹைடேடிட் இல்ல, பழையபடி அந்த டாக்டர்கிட்டயே காட்டுங்க" என்று சீட்டை மடித்துக் கொடுத்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நகராமல் அங்கேயே நின்று, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வந்ததும் சி.டி. படத்தைக் காட்டினேன். பெரிய கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் தெரிகின்றன, படமே சொல்கிறது, ரத்தத்தில் நெகட்டிவ் வந்தாலும் இந்த நோய் இருக்கலாம் என்றார். இப்படிக் குட்டிகள் நிறைந்த கட்டிக்கு ஊசி முறை சரிவராது, அறுவைதான் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே நெகட்டிவ் ரிப்போர்ட்டை வைத்து யாராவது வீட்டுக்கு அனுப்பினால், ஸ்கேன் படத்தோடு அடுத்த ஆளைப் பாருங்கள்.

மாத்திரை கூத்து தனி. அறுவைக்கு முன்பும் பின்பும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, மாதக்கணக்கில். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்தாக ஒன்றே ஒன்று கொடுப்பார்களே, அதே மாத்திரை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சில நாளைக்குத்தான் கிடைத்தது. வெளியே மெடிக்கலில் சீட்டை நீட்டினால் கடைக்காரர் சிரிக்கிறார். "பூச்சி மாத்திரை ஒண்ணு போட்டா போதும்ணே, டாக்டர் ஏதோ மாத்தி எழுதிட்டாரு" என்று ஒற்றை மாத்திரையை வெட்டி நீட்டினார். சீட்டில் நோயின் பெயரையும் எத்தனை வாரம் என்பதையும் தெளிவாக எழுதி வாங்கிப் போனபிறகுதான் அட்டை அட்டையாகத் தந்தார். நீங்கள் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இன்னொன்று, இதை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். அம்மா மாத்திரை என்றால் கஞ்சியோடுதான் விழுங்குவார். நெய்ச்சோறுக்கு மாற்றினோம். இடையிடையே கல்லீரலுக்கும் வெள்ளை அணுக்களுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்வார்கள், தட்டிக்கழிக்காதீர்கள். முடி கொஞ்சம் கொட்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டில் 'லட்சுமி', ஆதாரில் 'லெட்சுமி'. இந்த ஒற்றைக் கொம்புக்காக இ-சேவை மையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடந்தோம். அது தீர்ந்தால் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பூச்சிக்கெல்லாம் இதுல வராதுப்பா" என்றார். வார்டு சிஸ்டர்தான் வழி சொன்னார்: நோயின் பெயரைச் சொல்லாதே, என்ன ஆபரேஷன் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போ. கல்லீரல் அறுவை என்று எழுதிய தாளை வைத்ததும் அதே கவுண்டரில், அதே ஆள், வாயைத் திறக்காமல் ஏற்றிக்கொண்டார். அந்தச் சிஸ்டருக்குக் கோடி புண்ணியம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தியேட்டர் வாசலுக்கு என்னைக் கூப்பிட்டு டிரேயைக் காட்டினார்கள். கிழிந்த வெள்ளைத் தோல், அதைச் சுற்றி நுங்குச் சுளை மாதிரி வழுவழுவென்று குட்டிக் கட்டிகள், சில விரல்நுனி அளவு, சில எலுமிச்சை அளவு. கேட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். பித்தம் கொஞ்ச நாள் டியூப் வழியாகக் கசிந்தது, தானாக நின்றது.

ஊருக்கு வந்து முதல் வேலையாக ஆட்டு டாக்டரிடம்தான் போனேன். நாய்க்குக் கடையில் வாங்கிப் போடுகிற எல்லாப் பூச்சி மருந்தும் இந்தப் புழுவைக் கொல்லாது, பிராசிகுவாண்டல் என்ற பெயர் அட்டையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கு, அதனால் நாயை எடை போட்டாக வேண்டும். எங்கள் பட்டி நாயைத் தூக்கிக்கொண்டு அரிசி மண்டித் தராசில் நான் ஏறி நின்றதை ஊரே பார்த்தது. நாய் கட்டியைத் தின்ற சுமார் 6 வாரத்தில் அதன் குடலில் புழு முட்டை போட ஆரம்பித்துவிடுமாம், ஆகவே எங்களுக்கு அந்த இடைவெளிதான் சொல்லியிருக்கிறார். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. கொடுத்தபின் சில நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை ஆழப் புதைக்க வேண்டும். ஆட்டுக்குக் கொடுக்கிற வழக்கமான குடற்புழு மருந்து ஏற்கெனவே ஈரலில் இருக்கிற கட்டியைக் கரைத்துவிடும் என்றும் நம்பாதீர்கள்.

கறிக்கடைதான் பெரிய தலைவலி. ஈரலில் தண்ணிக்கட்டி இருந்தால் அந்தத் துண்டை அறுத்துப் பின்னால் வீசுவார்கள், அங்கே நாய்கள் வரிசையாகக் காத்திருக்கும். உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லப் போனால், இது நாய்ப் புகாரா கறிக்கடைப் புகாரா, இரண்டில் ஒன்றைச் சொல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் அதற்குப் பதிவேடு இல்லை. ஐஸ்லாந்தில் 1860களிலேயே நாய்க்கும் ஈரல் கழிவுக்கும் உள்ள இந்தத் தொடர்பை விளக்கிச் சின்னப் புத்தகம் அச்சடித்து மக்களுக்குக் கொடுத்து, அங்கே நோயையே ஒழித்துவிட்டார்களாம். நமக்கு இன்னும் எந்த நோட்டில் எழுதுவது என்பதே தீரவில்லை.

கடைக்கார அண்ணனோ, "இத்தனை வருஷமாப் போடுறேன், ஒரு நாயாவது செத்துச்சா?" என்று மடக்கினார். கேள்வி சரிதான், இந்தப் புழு நாயைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. செல்போனில் இருந்த டிரே போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் மூடிபோட்ட டிரம் ஒன்று வைத்து, சாயந்திரம் குழியில் கொட்டச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பையன்கள் இன்னும் வீசத்தான் செய்கிறார்கள். போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் மற்றவர்களுக்கும் வயிற்று ஸ்கேன் எடுத்தாயிற்று, யாருக்கும் இல்லை.

டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். சம்மரியில் 'ஹைடேடிட்' என்ற வார்த்தையும், கட்டி எடுத்த இடத்தில் குழி மிச்சமிருக்கிறது என்பதும், அதன் அளவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்களுக்கு முதலில் 'கல்லீரல் கட்டி' என்று மட்டும் அடித்துக் கொடுத்தார்கள், திருப்பிக் கொடுத்து மாற்றினோம். ஐந்து வருஷமாவது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு சென்டரிலும் புது ஆள் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு "கட்டி திரும்ப வந்திருக்கும்மா" என்பார். போன தடவை அப்படித்தான் சொன்னார்கள். சம்மரியை எடுத்து நீட்டினேன், பழைய அளவைப் பார்த்துவிட்டு, குறைந்திருக்கிறது என்று ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுத்தார்கள்.