மேகமா, பனியா?

மார்கழி விடியலில் மொட்டை மாடிக்குப் போனால், "பனி தலையில இறங்கிடும், துண்டைக் கட்டிக்கோ" என்று அம்மா சொல்வார். வேளச்சேரியில் வளர்ந்த எனக்குப் பனி என்றால் அந்த ஈரம்தான். இமயத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் வெண்பனியை நான் தொட்டதில்லை. ஆனாலும் மூன்று குளிர்காலங்களாகப் பியாஸ் ஆற்றுப் படுகையில் அது எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டு வருகிறேன்.

மேகமும் பனியும் கண்ணுக்கு ஒரே வெள்ளை. அவற்றைப் பிரித்துக் காட்டுவது குறுஅலை அகச்சிவப்பு: 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தருகே பனிப்படிகங்கள் ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிக் கருத்துத் தெரிய, நுண்ணிய நீர்த்துளிகளாலான மேகம் அங்கும் பளிச்சென்றே நிற்கும். பச்சை ஒளியின் எதிரொளிப்பிலிருந்து இந்த அகச்சிவப்பின் எதிரொளிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே பனிக்குறியீடு, 0.4ஐத் தாண்டினால் பனி என்று கொள்வது நெடுநாள் வழக்கம். ஏரி நீரும் இந்த எண்ணை உயர்த்திவிடும் என்பதால் நீர் கருத்தும் பனி பளிச்சென்றும் தெரியும் அண்மை அகச்சிவப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் மேகத்தை அடையாளம் கண்டுவிட்டால் அதன் அடியில் இருப்பது தெரிந்துவிடாது. முதல் ஆண்டில் மேகம் மூடிய பிக்சல்களை நான் பனியற்ற நிலமாகவே எண்ணிவிட்டேன். விளைவாக, மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கங்கள் மலையில் பனியைக் கொட்டிய சனவரி நாட்களில்தான் என் வரைபடத்தில் பனிப்பரப்பு செங்குத்தாகச் சரிந்தது. அந்தப் பிழையை உணர எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

நாசாவின் டெரா செயற்கைக்கோள் காலையிலும் அக்வா பிற்பகலிலும் கடப்பதால், இரண்டிலும் உள்ள மோடிஸ் கருவியின் படங்களைச் சேர்த்தால் நகர்ந்துபோன மேகத்தின் இடம் ஓரளவு நிரம்பும். அவை 500 மீட்டர் நுணுக்கமே தருபவை. நம் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் ஏவிஃப்ஸ் (AWiFS) கருவி 56 மீட்டரில் காட்டும்போது குறுகிய பள்ளத்தாக்குகளும் தெளிகின்றன, ஆனால் அது ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். ரேடார் மேகத்தை ஊடுருவும் என்றாலும், அது பயன்படுத்தும் சி-அலைவரிசை எனும் நுண்ணலைகளில் உலர்பனி ஏறத்தாழ ஒளிபுகும் பொருள்போல நடந்துகொள்வதால், உருகத் தொடங்கிய ஈரப்பனியைத்தான் அது நன்றாகக் காட்டும்.

இப்போது ஒவ்வொரு நாளின் பனிப்பரப்புக்குப் பக்கத்திலும் மேகம் மூடிய விழுக்காட்டையும் எழுதிவைக்கிறேன். அது 30ஐத் தாண்டிய நாளுக்கு வரைபடத்தில் புள்ளி வைப்பதில்லை; அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறேன்.