எத்தனை மாடு, டாக்டர்?

கடன் கேட்டுப் போன அன்று வங்கி மேலாளர் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் கேட்டதோ ஈரோட்டில் நாய், பூனைகளுக்கு கிளினிக் வைக்க 18 லட்சம். எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்து மெஷின் எல்லாம் சேர்த்து 24 லட்சம் திட்டம். மீதி 6 லட்சம் என் கைக்காசு. 'கால்நடை' என்று காதில் விழுந்ததுமே என்னை விவசாயக் கடன் அதிகாரியிடம் தள்ளிவிட்டார். அவர் பால் சொசைட்டி பாஸ்புக் கேட்டார்.

தப்பில் பாதி என்னுடையது. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்துப் போட்டிருந்தேன். அது இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம். அங்கிருந்த பையன் தொழில் குறியீட்டில் கால்நடை வளர்ப்புக்கான உதவிப் பணிகளைத் தட்டிவிட்டான். கால்நடை மருத்துவத்துக்கென்றே 75000 தனியாக இருக்கிறது, பார்த்துப் போடுங்கள். ஆடிட்டர் வேறு, பழைய கோழிப்பண்ணை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் 'தீவனச் செலவு' அப்படியே நின்றது! மேலாளர் மாடு கேட்காமல் என்ன செய்வார்?

இரண்டையும் திருத்திக்கொண்டு போனேன். மாடு போய் வீடு வந்தது. "அப்பா பேர்ல வீடு இருக்குல்ல, பத்திரம் கொண்டு வாங்க சார்." சிஜிடிஎம்எஸ்இ, அதாவது சிறுதொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் அறக்கட்டளை. அதன் உத்தரவாதத்தில் போடும் கடனுக்கு அடமானமோ ஜாமீனோ கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்தத் திட்டமே? ஆனால் நம் ஆட்களும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உத்தரவாதம் வங்கிக்கு, நமக்கு இல்லை. நாம் கட்டாமல் விட்டால் வங்கியின் நஷ்டத்தில் ஒரு பங்கை அந்த அறக்கட்டளை கொடுக்கும். நம் கடன் நம் தலையில்தான் இருக்கும். அந்த உத்தரவாதத்துக்குக் கட்டணமும் நாம்தான் கட்டினோம். எனக்கு ஆண்டுக்கு 0.55 சதவீதம், முதல் வருடம் 9,900 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பத்திரம் தர முடியாது என்று சொல்லிவிட்டு ஃபைலை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். ஆறு வாரம் கழித்துப் போய்க் கேட்டால், "எந்த ஃபைல் சார்?"

மறுபடி எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். இந்த முறை தேதி, சீலோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரவில்லை. சிறுதொழில் கடன் விண்ணப்பத்துக்கு ஒப்புகை கொடுத்தே ஆக வேண்டும், 25 லட்சம் வரை என்றால் 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து ஃபைலின் மேலேயே வைத்தேன். அப்புறம் வீட்டுப் பத்திரப் பேச்சே வரவில்லை.

வந்தது வாடகை ஒப்பந்தம். என்னிடம் இருந்தது வழக்கமான 11 மாத ஸ்டாம்ப் பேப்பர். ஐந்து வருடக் கடனுக்கு ஐந்து வருட ஒப்பந்தம், அதுவும் பதிவு செய்தது வேண்டுமாம். கட்டட உரிமையாளருக்கோ பதிவு என்றாலே பயம், இடத்தை எழுதி வாங்கிக்கொள்வேனோ என்று. அவர் மகனைப் பிடித்து, செலவு முழுக்க என்னுடையது என்று சொல்லி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சம்மதம் வாங்கினேன். இடம் பார்க்கும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு, வருமான வரிக் கணக்கு, சிபில் ஸ்கோர் எதிலும் சிக்கல் இல்லை. 12ஆம் வேலை நாள் சாங்ஷன் ஆனது. பணம் நம் கைக்கு வராது, நேராக டீலருக்குத்தான் போகும். டீலருக்கு போன் போட்டேன். கொட்டேஷன் காலாவதியாகி ஒரு மாதம் ஆகிவிட்டது, எக்ஸ்ரே விலை 40,000 ஏறிவிட்டது என்றார். அதுவும் என் கைக்காசில்தான் போனது.